அல்லி ராணியின் கோட்டையும் அரிப்பு மீனவரும்

அரிப்பு என்ற பெயரைக் கேட்டவுடன் எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் நேயர்களுள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். மன்னார் மாவட்டத்தில், முசலிப் பிரதேசத்தில், அநுராதபுரம் வழியாக ஓடிவரும் அருவி ஆறு மன்னார் வளைகுடாவில் விழும் இடத்துக்கு அண்மையில் உள்ள சிறிய மீனவக் கிராமம் அது. தெற்கே சிலாவத்துறை, அதற்கும் தெற்கே கொண்டச்சி, மரிச்சுக்கட்டி, அப்பால் குதிரைமலை. கடற்கரையில் வள்ளங்கள், காயும் வலைகள், கருவாட்டு வாசனை. ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம்.

ஆனால் இந்தச் சிறிய கரையைப் பற்றி உலகத்தின் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுள் தேசாதிபதிகளின் பாதிரிமார் உண்டு, விஞ்ஞானிகள் உண்டு, ஆங்கில நாவலாசிரியர் ஒருவரும் உண்டு. அந்த ஊரில் பிறந்து, அந்தக் கடலில் தொழில் செய்தவர்கள் எழுதியது மட்டும் ஒன்றும் இல்லை. இன்று நான் பேச விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

1980களின் தொடக்கத்தில், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், முதன்முதலாக அரிப்புக்குப் போனேன். முருங்கனில் பஸ் மாறி, சிலாவத்துறை வீதியால் போய் இறங்கியபோது உச்சி வெயில். கையில் ஒரு குறிப்புப் புத்தகம். தலைக்குள் ஆங்கில நூல்களில் படித்த செய்திகள் நிறைய. கடற்கரையோரம் நின்ற பழைய கட்டிடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் நோக்கம். அந்தக் கட்டிடத்தை நூல்கள் 'டொரிக்' என்று அழைக்கின்றன. கிரேக்க முறைத் தூண்களைக் கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியான பிரெடெரிக் நோத், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் கட்டிய மாளிகை. அவருடைய காலத்தில் இங்கே வாழ்ந்த ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார், 1807இல் வெளிவந்த தமது நூலில் இந்த மாளிகையின் அழகை வியந்து எழுதியிருக்கிறார்.

கட்டிடத்தின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். எண்பது வயதிருக்கும். நான் சுவரைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, தானாகவே பேச்சைத் தொடங்கினார்.

"மாஸ்டர், இதுதான் அல்லி ராணிர கோட்டை. அவ இதில நிண்டுதான் முத்துக்குளிக்கிற வள்ளங்களைப் பாக்கிறவ."

அல்லி அரசாணியின் கதை நம் கிராமங்களில் நன்கு பழகிய கதை. ஆண்களை அடக்கி ஆண்ட அல்லியை அருச்சுனன் தந்திரமாக மணந்த கதை அம்மானைப் பாடலாகவும் கூத்தாகவும் வழங்கி வந்திருக்கிறது. அவள் குதிரைமலையிலிருந்து இந்தக் கரையை ஆண்டாள் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஆனால் படித்த கர்வம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. "இல்லை ஐயா, இது அல்லி கட்டினதில்லை. நோத் என்ற வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டினது. இருநூறு வருசம்கூட ஆகேல்ல" என்று திருத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அந்தத் துரை இஞ்ச என்னத்துக்கு வந்தவர்?"

"முத்துக்குளிப்பைப் பார்க்க."

"அல்லியும் அதுக்குத்தான் வந்தவ. அவ எங்கட பாசையெண்டாலும் பேசினவ."

அவ்வளவுதான். மீண்டும் வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார். அந்தப் பதிலை அன்று ஒரு கிராமத்து நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன். அதன் பொருள் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நேயர்களே, இந்தக் கரையின் சரித்திரத்தை முதலில் ஏட்டில் உள்ளபடி பார்ப்போம்.

கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால், கடலடியில், சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைப் பரப்புகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று அவற்றுக்கெல்லாம் தமிழ்ப் பெயர்கள். ஆங்கிலேயர் வரைந்த கடற்படங்களிலும் இந்தப் பெயர்களே இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் யார் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. ஆழக் கடலின் அடியில் கிடக்கும் பாறைக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அங்கே இறங்கிப் பார்த்தவன்தானே வைத்திருக்க முடியும்?

முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்பது பழைய வழக்கு. சலாபத்துறை என்பதே சிலாவத்துறை ஆயிற்று என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல் வழியாகச் சென்ற மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். குளிப்பவர்களைச் சுறாக்கள் தீண்டாதபடி மந்திரத்தால் வாய் கட்டுபவர்கள் இருந்தார்கள் என்றும், கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் முத்துக்களைக் கண்டதைச் சொல்கிறார்.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தார்கள். மன்னார்த் தீவில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய அறுநூறு பேரளவிலானோர் 1544இல் சங்கிலி மன்னனின் ஆணைப்படி கொல்லப்பட்டதும், 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதும் சரித்திரம். சமயத்தோடு முத்தும் அந்தப் போட்டிக்குள் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். அரிப்பில் அவர்களுக்கு ஒரு சிறிய கோட்டை இருந்தது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தமது தோழர் ஒருவருடன் தப்பி, அநுராதபுரக் காடுகளினூடாக ஆற்றின் கரையைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் இந்த அரிப்புக் கோட்டைதான். ஏறத்தாழ இருபது வருடச் சிறைவாசம் முடிந்த மண் அது.

1795இல் மன்னார் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்று வருடங்களும் அடுத்தடுத்து முத்துக் குளித்தார்கள். பெருந்தொகை வருமானம் வந்தது. அதனால்தான் நோத் இங்கே மாளிகை கட்டினார். ஆனால் சிப்பி வளர்ந்து முற்ற வருடங்கள் ஆகும் என்பதைக் கடல் நினைவூட்டியது. பார்கள் வெறுமையாயின. அடுத்த நூற்றாண்டு முழுவதும் இதே கதைதான். சில வருடம் சலாபம் நடக்கும். பின்னர் நீண்ட பஞ்சம். 1837க்குப் பின் 1855 வரை சலாபமே இல்லை. 1891க்குப் பின் 1903 வரையும் அப்படியே. சிப்பிகள் ஏன் மறைகின்றன என்று ஆராய்வதற்காகவே பேராசிரியர் ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி 1902இல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார்.

சலாபம் நடக்கும் காலம் மாசி, பங்குனி, சித்திரை. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் தொடங்குவதற்கு முன் கடல் அமைதியாகக் கிடக்கும் இடைவெளி அது. அப்போது வெறும் மணல்வெளியில் ஒரு நகரம் முளைக்கும். ஓலைக் கொட்டில்கள், கடைத்தெரு, பொலிஸ், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் வந்துவிடும். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வள்ளங்கள் வரும். பரதவர், கடையர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தவர் குளிக்க வருவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வருவார்கள். இரண்டு மாதத்தில் எல்லோரும் போய்விடுவார்கள். மணலும் சிப்பி ஓடும் நாற்றமும் மிஞ்சும்.

குளிப்பவனிடம் இருந்த கருவி மிகக் குறைவு. ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு கூடை. கல்லில் காலை வைத்து மூச்சை அடக்கி இறங்குவான். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். கயிறு பிடிப்பவன் கண் அயர்ந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்துவிடும். இன்னொருவர் கரையில் இருப்பார். கடல்கட்டி என்று பெயர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவருடைய பரம்பரைச் சொத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமேர்சன் ரெனன்ற் எழுதும்போது, அந்தக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்பதைச் சற்று வியப்போடு குறிப்பிடுகிறார். நமக்கு அதில் வியப்பு இல்லை. கடலுக்குப் போகிறவன் எந்தத் துணையையும் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு. ஒன்று வள்ளத்துக்கு. மூச்சை அடக்கியவனுக்கு மூன்றில் ஒன்றிலும் ஒரு பங்கு!

1905ஆம் ஆண்டுச் சலாபமே மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 25 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. மறுவருடமே பார்கள் ஓர் ஆங்கிலேயக் கம்பனிக்கு வருடம் 3 இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவுக்கு இருபது வருடக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907உடன் சிப்பி தீர்ந்துபோயிற்று. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனியும் மூடப்பட்டது. 1925இல் ஒரு சலாபம் நடந்தது. அதற்கிடையில் ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்து, இயற்கை முத்தின் விலையை வீழ்த்தத் தொடங்கிவிட்டது.

1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் இளம் அதிகாரியாகக் கடமையாற்றியவர்களுள் ஒருவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் 'காட்டில் ஒரு கிராமம்' என்று பொருள்படும் நாவலை எழுதியவர், வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர். முத்துக்குளிப்பைக் களமாக வைத்து அவர் ஒரு சிறுகதையும் எழுதினார். தமது சுயசரிதையிலும் அந்த நாட்களை நினைவுகூர்கிறார். இலக்கியத்தில் இந்தக் கடல் வேறு வழிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. இலங்கையைக் காணாத கீற்ஸ், வணிகர்களின் செல்வத்துக்காக மூச்சடக்கும் இலங்கைக் குளிகாரனைத் தம் கவிதை ஒன்றில் வைத்தார். இலங்கையைக் காணாத பிசே, 1863இல் பாரிஸில் 'முத்துக்குளிப்போர்' என்ற இசைநாடகத்தை அரங்கேற்றினார்.

ஏடு சொல்வது இவ்வளவு. இதில் தேசாதிபதியின் பெயர் உண்டு. சிப்பிகளின் எண்ணிக்கை உண்டு. ரூபாவின் கணக்கு உண்டு. எட்டுக் கோடிச் சிப்பிகளையும் அள்ளிய கைகளுக்கு மட்டும் பெயர் இல்லை.

நான் திருத்திய அந்த முதியவர், அன்று மாலை தம் வீட்டு வாசலில் தேநீர் தந்து, வேறொரு சரித்திரத்தைச் சொன்னார். அவருடைய தகப்பனார் அந்தப் பெரிய சலாபத்தில் குளித்தவர். இவர் அப்போது கைக்குழந்தை. 1925இல் இவரே ஒரு வள்ளத்தில் கயிறு பிடித்திருக்கிறார்.

"எங்கட அப்பு ஆயிரக்கணக்கில சிப்பி எடுத்தவர், மாஸ்டர். ஒரு முத்தைக்கூடக் கண்ணால காணேல்ல."

"ஏன்?"

"கொட்டு வாசலிலயே வித்துப்போடுவார். யாவாரிமார் பாத்துக்கொண்டு நிப்பினம். சிப்பியைத் திறந்து பாத்து, முத்தில்லையெண்டால் அண்டைக்கு அரிசி இல்லை. திறக்காமல் வித்தால் அரிசி நிச்சயம். வீட்டில அஞ்சு பிள்ளையள். அவர் என்ன செய்யிறது?"

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சாகும்வரைக்கும் அந்த யோசினை அவருக்கு இருந்தது. வித்த சிப்பிக்குள்ள என்ன இருந்திருக்கும் எண்டு."

நேயர்களே, முத்துக்குளிப்பின் பொருளாதாரத்தைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் எதுவும் இதை எனக்குச் சொல்லவில்லை. பங்கு மூன்றில் ஒன்று என்று அவை சொல்கின்றன. அந்தப் பங்கைத் திறந்து பார்க்கக்கூட ஏழைக்கு வசதி இருக்கவில்லை என்பதை இந்த முதியவர்தான் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். முத்து போனதில் ஊருக்குக் கவலை குறைவாம். "முத்து ரெண்டு மாசம், மீன் பன்னிரண்டு மாசம்" என்றார். சலாபக் காலத்தில் வெளியூர்ச் சனம் வந்து நிறையும். கிணற்று நீர் வற்றும். அம்மையும் பேதியும் வரும். நகரம் கலைந்த பிறகும் அரிப்புக்காரர் அரிப்பில்தான் இருந்தார்கள். கரைவலை இழுத்தார்கள். சம்மாட்டிமாரின் கணக்கில் கடன் ஏறுவதும் இறங்குவதுமாக வாழ்ந்தார்கள். சோளகக் காற்றில் இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும்போது வாடி கட்டப் பாக்கு நீரிணைப் பக்கம் போய், காற்று மாறியதும் திரும்பினார்கள். கருவாடு போட்டார்கள், சங்கு குளித்தார்கள். தேசாதிபதி வராத வருடங்களின் சரித்திரம் இது. நூல்களில் 'சலாபம் இல்லை' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் அந்தப் பதினெட்டு வருடங்களில் பிறந்தவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு எங்கள் காலத்துக் கொடுமைகள் வந்தன. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிலாவத்துறையும் முசலியின் ஏனைய முஸ்லிம் கிராமங்களும் வெறுமையாயின. ஒரே கடலில் தொழில் செய்த அயலவர்கள் ஒரு சில நாட்களில் இல்லாமற் போனார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறைப் பகுதியைக் கைப்பற்றிய வேளையில் அரிப்பு மக்களும் இடம்பெயர்ந்தார்கள். வள்ளமும் வலையும் விட்டுப் போனவர்கள், போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திரும்பினார்கள். முஸ்லிம் மக்களும் திரும்பத் தொடங்கினார்கள். இருபது வருடம் பிரிந்திருந்த அயலவர் மீண்டும் ஒரே கரையில் நிற்பது சொல்லும் அளவுக்கு எளிதான காரியமன்று. காணிப் பிரச்சினை உண்டு. பழைய காயங்கள் உண்டு. ஆனாலும் கடல் இரு சாராரையும் ஒரே நேரத்தில்தான் விடியற்காலையில் எழுப்புகிறது.

போருக்குப் பின்னர் நான் மீண்டும் அரிப்புக்குப் போனேன். முதியவர் இல்லை. அவருடைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள்தாம் இருந்தன. நோத் துரையின் மாளிகையும் பழைய நிலையில் இல்லை. கடல் கரையை அரித்து அரித்து அதன் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு பகுதி சரிந்து கிடக்கிறது. தூண்களின் செங்கற்கள் அலையில் உருண்டு வட்டமாகிக் கிடந்தன. ஊரின் பெயர் இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதே என்று மனம் கசந்தது.

கரையில் சில இளைஞர்கள் சங்கும் கடலட்டையும் எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றுச் சிலிண்டர்களை வள்ளத்தில் ஏற்றினார்கள். கல்லும் கயிறும் போய்ச் சிலிண்டர் வந்திருக்கிறது. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் கை கால் விளங்காமற் போகும் ஆபத்து இப்போது சேர்ந்திருக்கிறது. பிடித்த அட்டையை யார் விலை நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்டேன். "வாங்குற முதலாளிதான் சேர்" என்றான் ஒருவன். கொட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

புறப்படும்போது, பள்ளிக்கூடச் சீருடையில் நின்ற ஒரு சிறுவன் இடிந்த சுவரைக் காட்டி, "சேர், இது அல்லி ராணிர கோட்டை, தெரியுமா?" என்றான்.

முப்பது வருடங்களுக்கு முன் செய்த திருத்தத்தை நான் மறுபடி செய்யவில்லை. அதற்காக அந்தச் சுவரை அல்லி கட்டினாள் என்று நான் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று யாரும் எண்ணவேண்டாம். கட்டியவர் நோத்தான். சரித்திரத்தில் உண்மையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒரு கிராமம் தன் கரையில் இருந்த ஆளுநரின் மாளிகையை எடுத்துத் தன் கதையில் வரும் ராணிக்கு ஏன் கொடுத்தது என்பதும் சரித்திரக் கேள்விதான். இந்தக் கடலின் செல்வம் எங்களுடையதாக ஒரு காலத்தில் இருந்தது, அதை ஆண்டவளும் எங்களுள் ஒருத்தி என்று சொல்ல அவர்களுக்கு வேறு ஏடு இருக்கவில்லை. அந்த முதியவர் அன்று எனக்குச் சொன்ன பதிலின் பொருள் இதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

அந்தச் சிறுவனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "உங்கட தாத்தாவின்ர தகப்பனுக்கு என்ன பேர், தம்பி?"

அவனுக்குத் தெரியவில்லை. "வீட்டில கேட்டுச் சொல்லுறன் சேர்" என்று ஓடினான். பஸ் வரும்வரை காத்திருந்தேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஒரு பெயரைச் சொன்னான். அவர் சலாபத்தில் குளித்தவர் என்று அம்மம்மா சொன்னதாகவும் சொன்னான்.

என் குறிப்புப் புத்தகத்தில் நோத்துக்கும் நொக்ஸுக்கும் கீழே அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன். நேயர்களே, உங்கள் ஊரிலும் கடற்கரை இருந்தால், அங்கே வலை பொத்தும் முதியவர் ஒருவர் இருந்தால், அவரைத் திருத்துவதற்கு முன்னால் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.